பெயர் எழுதாத நோட்டு

1

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. அது ஆக்லாந்து நேரம். செங்கல்பட்டில் அப்போது காலை எட்டு பத்து. இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. என் மகள் அங்கே போனதிலிருந்து அப்படித்தான்.

நான் இங்கே விமான நிலையத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டிகளில் விதை, மண், காய், கருவாடு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இந்தத் தீவுக்குள் வெளியூர்ப் பூச்சி ஒன்று நுழைந்தாலும் தோட்டங்கள் அழிந்துவிடும் என்று அரசாங்கம் பயப்படுகிறது. பதினான்கு ஆண்டுகளாக அந்தப் பயத்தை நான் சம்பளத்துக்குப் பட்டுக்கொண்டிருக்கிறேன். "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று நாள் முழுவதும் கேட்பேன். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அன்று ஒரு தமிழ்ப் பெரியவரின் பெட்டியில், ஈரத்துணி சுற்றி, அதை வேட்டிக்குள் மடித்து, ஒரு கறிவேப்பிலைக் கன்று. "மருமக கேட்டாம்மா" என்றார். நம் ஊர்க்காரர்களின் பெட்டியைத்தான் நான் கூடுதலாகத் தேடுவேன். எங்கே ஒளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கன்றை வாங்கி வைத்துவிட்டுத் தேநீர் அறைக்கு வந்து போனைப் பார்த்தேன். செங்கல்பட்டிலிருந்து என் அண்ணன் குமரவேல் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு நோட்டின் பக்கம். கீழே ஒரு வரி: "பாப்பா, இது சாப்பாட்டு மேசை மேல கெடந்துச்சு. நீதானே கேட்ட."

கேட்டது நான்தான். மகள் என்ன எழுதுகிறாள் என்று தெரியவேண்டும், கிடைத்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு என்று ஒரு மாதமாக அவனை நச்சரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இப்படி இருந்தது:

"இன்று படித்த சொல்: உடன்போக்கு. வீட்டாருக்குச் சொல்லாமல், பிடித்தவனோடு ஊரை விட்டுப் போவது. இவ்வளவு அமைதியான சொல் இருக்கும்போது ஏன் ஓடிப்போவது என்கிறார்கள்? பாட்டில் யாரும் ஓடவில்லை. வெயில் வருகிறது, நிழல் தராத மரம் வருகிறது, இரண்டு பேரும் நடக்கிறார்கள். மாசி மகத்தன்று ஊர் முழுதும் கடற்கரையில் இருக்கும். அன்றைக்குப் போகலாம். ஒரு பை போதும். அம்மா கடலுக்கு அப்பால் இருக்கிறாள். போனில் அவளுக்கு என் முகம் தெரியும். காலடியில் இருக்கும் பை தெரியாது."

மாசி மகத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

தேநீர் ஆறும் வரை திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து அழகாகச் சாய்ந்து, ஒரே அளவில், வரி பிசகாமல் ஓடியது. இவ்வளவு நன்றாகத் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டாளே என்று அந்தப் பயத்திலும் ஒரு நொடி பெருமையாக இருந்தது. இப்போது எல்லாவற்றையும்விட அந்த ஒரு நொடியை நினைத்துத்தான் கூசுகிறேன்.

2

யாழினிக்கு இருபது வயது. ஆக்லாந்தில் பிறந்தவள். இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு உயிரியல் படித்துவிட்டு, ஒரு நாள் காலை உணவின்போது, ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பழைய கவிதை படிக்கப் போகிறேன் என்றாள். மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு சிறிய நிறுவனம், ஒரு வீட்டின் மாடி, ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. எங்கிருந்து கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். இணையத்தில் என்றாள். அதிலேயே எனக்குச் சந்தேகம்.

என் கணவர் சிரித்தார். "கவிதைதானே" என்றார். பதினைந்து வயது மகனுக்கு, அக்கா ஊரில் இல்லை என்பது அவள் அறையில் அவனுடைய சைக்கிள் நின்றபோதுதான் உறைத்தது. அவனிடம் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். யாழினியும் அப்படி இருந்தவள்தான். பத்து ஆண்டுகளாக அவள் எனக்கு அனுப்பிய செய்திகளெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அவள் திடீரென்று தமிழ் பக்கம் திரும்பினால் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ, எந்தத் தமிழன் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

அவளை அங்கே சேர்ப்பதற்கு ஒரு படிவம் நிரப்பினோம். வெளிநாட்டுக் குடிமகள், உள்ளூர்ப் பொறுப்பாளர் யார், என்ன உறவு. உறவுக்குக் கட்டங்கள் இருந்தன: தந்தை, தாய், கணவர், மற்றவை. தாய்மாமனுக்குக் கட்டம் இல்லை. அண்ணன் செங்கல்பட்டில் வெளிநாட்டவர் படிவம் வாங்கும் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தான். "நான் மற்றவையாம் பாப்பா. சீர் செய்யறப்ப மட்டும் மாமன்" என்று போனில் சிரித்தான்.

அவனுக்குச் சிறுசேரியில் கணினி நிறுவன ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் வேலை. எங்கள் சொந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே. அந்த ஊரிலிருந்து ஒரு நாள், கல்லூரியில் ஹால் டிக்கெட் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பையோடு கிளம்பினேன் நான். அந்தப் பை செங்கல்பட்டுப் பதிவு அலுவலகத்தில் இறங்கியது. அங்கே என் கணவர் இரண்டு நண்பர்களோடு காத்திருந்தார். அதன் பிறகு நான்கு வருடம் அண்ணன் என்னோடு பேசவில்லை.

இது யாழினிக்குத் தெரியாது. எனவே அந்தப் பக்கத்தில் "ஒரு பை போதும்" என்ற வரியை வேறு யாரும் படிப்பதுபோல நான் படிக்கவில்லை. பையில் என்ன வைக்கலாம், என்ன வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

3

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். வேனை நிறுத்திவிட்டு எடுத்தான்.

"அவ கூட யாராவது வந்து பேசறாங்களா? பஸ்ல யாராவது?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. காலைல போறா, சாயந்தரம் வரா. வந்தா அண்ணிகிட்ட இன்னாமோ பழைய சொல்லுல பேசறா. ரேடியோ நாடகம் கேக்கற மாதிரி கீது."

"அப்ப இது என்ன?"

"நீ படிச்சவ, நீ சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, "உன் பொண்ணாச்சே" என்றான். அதில் பாதி கிண்டல், பாதி பழைய கோபம்.

"அவகிட்ட ஒண்ணும் கேக்காத. கேட்டா உஷாராயிடுவா. கூடப் படிக்கிறவங்க யாரையாவது விசாரி."

இதை நான் சொன்னேன். இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, அவள் வகுப்பு முடிந்து வரும் நேரம் பார்த்து, நள்ளிரவில் யாழினியை வீடியோவில் அழைத்தேன். முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் சுவர்.

"பை ஏதாவது வாங்கினியா?"

"என்ன பை?"

"சும்மா கேட்டேன். போனைக் கொஞ்சம் சுத்திக் காட்டு, ரூம் எப்படி இருக்குன்னு பாப்போம்."

"அம்மா, பத்து மாசமா இதே ரூம்தான்." ஆனாலும் காட்டினாள். கட்டில், மின்விசிறி, கொடியில் துண்டு. தரையைக் காட்டவில்லை. தரையைக் காட்டு என்று எப்படிக் கேட்பது?

"உன் முகம் ஏன் வாடியிருக்கு?"

"என் ஃப்ரெண்ட் இன்னைக்குக் கிளாஸுக்கு வரல. போனும் எடுக்கல. அதான்."

எந்த ஃப்ரெண்ட் என்று கேட்டேன். பவானி என்றாள். பவானி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பையன் இருக்க முடியுமா என்றுகூட என் புத்தி போனது. விடிந்ததும் குடும்ப அவசரம் என்று அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் வழியாகச் சீட்டுப் போட்டேன். கணவர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, "அவளிடம் முதலில் சாப்பிட்டாயா என்று கேள்" என்றார்.

4

ஞாயிறு காலை சென்னையில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். வருகையின் நோக்கம் என்ன என்று அதிகாரி தமிழிலேயே கேட்டார். சொந்தங்களைப் பார்க்க என்றேன். என் முகத்தையும் கடவுச்சீட்டுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

செங்கல்பட்டு வீட்டில் யாழினிதான் கதவைத் திறந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டேன். அவள் முகத்தில் மகிழ்ச்சி வருவதற்கு முன்பே என் கண் அவள் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் ஒரு பை. குனிந்து இழுத்தேன். அழுக்குத் துணி.

"அம்மா, என்ன பண்ற?"

போனை எடுத்து அந்தப் படத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. பிடிபட்டவள் முகம் என்று நினைத்தேன்.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"யார் அவன்?"

"யாரு யாரு? அம்மா, இது நான் எழுதினது இல்ல."

"பொய் சொல்லாதே யாழினி."

அவள் உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். சொற்பட்டியல். நெய்தல், இரங்கல், அலர், இற்செறிப்பு. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. வரி மேலே ஏறிக் கீழே இறங்கியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது.

"இதான் என் ஹேண்ட்ரைட்டிங். நீ பாத்ததே இல்ல, இல்ல?"

பார்த்ததே இல்லை. அவளுடைய ஆங்கில எழுத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். அவளுடைய தமிழ்க் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு அவள் விளக்கினாள். அவர்கள் வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு நோட்டு. அது வாராவாரம் ஒருவர் வீட்டுக்குப் போகும். மேடம் சீட்டுக் குலுக்கிப் போடுவார்: தலைவன், தலைவி, தோழி, வளர்த்த தாயான செவிலி, பெற்ற தாயான நற்றாய். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த ஆளாக இருந்து, அந்த வாரம் படித்த பாட்டையும் சொற்களையும் பற்றித் தனக்குத் தோன்றுவதை எழுதவேண்டும். பழைய அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. அதனால் நோட்டிலும் கிடையாது. யாரை நினைத்து எழுதினாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

"அந்த வாரம் தலைவி சீட்டு பவானிக்கு வந்துச்சு. போன வாரம் நோட்டு என் முறை. அவ்ளோதான்."

"அம்மா கடலுக்கு அப்பால் இருக்கிறாள்னு..."

"அவங்கம்மா குவைத்ல வீட்டு வேலை செய்யறாங்க. கடல் உனக்கு மட்டும்தான் இருக்கா?"

அப்போது அண்ணன் வந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தவன், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து இறக்கிவிட்டுக்கொண்டான். பவானி என்ற பெயரைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பாப்பா, அந்த போட்டோவ நான் ஏழுமலைக்கு அனுப்பிட்டேன்."

ஏழுமலை திருவிடந்தைக்காரர். சிறுசேரியில் அண்ணனோடு வேன் ஓட்டுபவர். பவானியின் அப்பா. வியாழக்கிழமை மதியமே, "உம்பொண்ணும் அங்கதான படிக்குது, எங்க யாழினிகூட சுத்தறவன் எவன்னு கேட்டு சொல்லு" என்று அண்ணன் அவருக்குப் படத்தை அனுப்பியிருக்கிறான். கூடப் படிக்கிறவர்களை விசாரி என்று நான் சொன்னது அப்படிப் போயிருக்கிறது.

"இன்னா ஆச்சின்னு தெரியல. ரெண்டு நாளா அவன் என்னப் பாத்தா மூஞ்ச திருப்பிக்கிறான்."

யாழினி சொற்பட்டியலில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். இற்செறிப்பு. பெண்ணை வெளியே விடாமல் வீட்டுக்குள் வைத்துக் காப்பது. "இத நீ ஆக்லாந்துலேர்ந்தே பண்ணிட்ட" என்றாள். "வேற ஒருத்திக்கு."

5

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வகுப்பின் கடைசி வாசிப்பு. ஐந்து பேரும் நோட்டிலிருந்து தங்கள் பக்கத்தைப் படிக்க வேண்டும். படிக்காதவருக்குச் சான்றிதழ் இல்லை. பவானிக்கு அந்தச் சான்றிதழ் வெறும் தாள் இல்லை. அடுத்த அணிக்குத் துணை ஆசிரியையாக அவளை எடுத்துக்கொள்வதாக மேடம் சொல்லியிருந்தார். யாழினி இதைச் சொன்னபோது, அவளுக்கு இது ஒரு வருட விடுப்பு, பவானிக்கு இது வேலை என்று எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை நானும் யாழினியும் பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து திருவிடந்தைக்குப் போனோம். சாலையின் ஒரு பக்கம் விடுதிகளின் மதில். இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. கோயிலைத் தாண்டி உள்ளே இரண்டாவது தெருவில் வீடு. ஏழுமலை வாசலில் வேனின் இருக்கை உறைகளை உதறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது, வெளியே தாழ்ப்பாள்.

"அண்ணே, தப்பு என்னுது" என்று தொடங்கினேன். "எழுதினது என் பொண்ணுன்னு நினைச்சேன். அந்தப் படத்த நான் கேக்காம இருந்திருந்தா..."

"உங்க அண்ணன் அனுப்பனதும் எனக்கு தெரிஞ்சிபோச்சும்மா." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். வேன் எங்கே கிளம்பி எங்கே நின்றது என்று நாள்தோறும் எழுதிக்கொடுக்க வேண்டிய ட்ரிப் ஷீட். "அஞ்சு வருசமா இத எனக்கு எழுதிக் குடுக்கறது அவதான். என் பேர்ல கீற 'ழ'வ அவ சுழிக்கற மாதிரி எவளும் சுழிக்க மாட்டா. பாத்த ஒடனே வண்டிய ஓரம் கட்டிட்டேன்."

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். நான் பெருமைப்பட்ட அதே எழுத்து.

"அது பாடத்துக்கு எழுதறது அண்ணே. சீட்டுல தலைவி வந்துச்சு. அதனால..."

"சரி. யாரு அந்தத் தலைவன்னு ஒரு பேரு சொல்லச் சொல்லுங்க. இப்பவே தாழ்ப்பாள எடுத்துடறேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பேரு இல்லப்பா. அது தலைவி. நான் இல்ல."

"பாத்தீங்களா? நாலு நாளா இதேதான் சொல்லிகினு கீது. பேரு சொல்லாம இருக்கறது பாட்டுக்கு சரிம்மா. வூட்டுக்கு சரியா வருமா?"

யாழினி பேசினாள். "மாமா, அந்தச் சீட்டு எனக்கு வந்திருந்தா நானும் போறேன்னுதான் எழுதியிருப்பேன்."

"நீ எழுதினா உங்கம்மா ஃப்ளைட்ட புட்சி வந்து நிக்கறாங்க. அவ எழுதினா அவங்கம்மா வர முடியுமா? வேல செய்யற வூட்ல பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிகினு கீறாங்க. எதுனா ஆச்சின்னா நான் அவளுக்கு இன்னா பதில் சொல்ல?"

நான் பார்ப்பது ஆயிரம் கடவுச்சீட்டு. ஒருவரிடமிருந்து பிடுங்கிவைத்த கடவுச்சீட்டு எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

அவர் ட்ரிப் ஷீட்டை மடித்தார். "அன்னிலேர்ந்து இத எழுத மாட்டேங்கறா. நானே கிறுக்கிக் குடுத்தேன். சூப்பர்வைசரு, இன்னாய்யா, கோலம் போட்டு வெச்சிகீறன்றான்."

"நான் எழுதித் தரேன் மாமா" என்று யாழினி பேனாவை எடுத்தாள். முதல் வரியை எழுதி நீட்டினாள். அவர் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத குடுத்தேன்னு வை, வண்டியவே புடுங்கிடுவான்" என்றார். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து உடனே அடங்கியது. ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "அவங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

"சொல்லல. சொல்ற தைரியம் இல்ல."

"நம்பர் குடுங்க. நான் சொல்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னைச் சந்தேகப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பிறகு சொன்னார், நான் அதைப் பதிந்துகொண்டேன்.

6

செவ்வாய்க்கிழமை மாசி மகம். மாமல்லபுரம் கடற்கரையில் மணல் தெரியாத கூட்டம். நானும் போனேன், கும்பிட அல்ல. யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்க்க. ஓர் இளைஞன் தோளில் பையோடு வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றான். மணி பார்த்தான். மறுபடியும் பார்த்தான். நான் அவனுக்கு அருகே நகர்ந்தேன். இரண்டு குழந்தைகளோடு அவன் மனைவி வந்தாள். பையிலிருந்து மாற்றுத் துணியும் பொரியும் எடுத்தார்கள்.

"நீ இன்னும் டியூட்டியிலயே இருக்க" என்றாள் யாழினி.

மகம் போய்விட்டது. யாரும் எங்கும் போகவில்லை. தாழ்ப்பாள் இல்லாதிருந்தால் பவானி போயிருப்பாளா, அது உண்மையாகவே வெறும் பாடம்தானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். சந்தேகத்தின் குணமே அதுதான் போலிருக்கிறது.

அன்று மாலை யாழினி நோட்டை என் கையில் கொடுத்தாள். "என் பக்கம் மட்டும். திருப்பிப் பாக்கக் கூடாது." அவளுக்கு வந்த சீட்டு நற்றாய். கட்டைவிரல் எழுத்தில் ஒரு பக்கம்:

"நற்றாய்க்கு எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். பெற்றவள் ஏன் கடைசி? முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. பிறகு எங்கள் விமான நிலையம் ஞாபகம் வந்தது. அங்கே அம்மாவும் பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதைத் திரையில் பார்ப்பவள். திரையில் உருவம் தெரியும். வாசனை தெரியாது. மகள் போன பிறகு அவள் விளையாடிய பந்தை எடுத்து வைத்துக்கொண்டு நற்றாய் அழுவதாகப் பாட்டில் வருகிறது. முதல் தடவையாக அப்போதுதான் அவள் ஒரு பொருளைக் கையில் எடுக்கிறாள். இருக்கும்போதே எடுத்திருக்கலாம்."

படித்து முடித்து நோட்டை மூடினேன். திருப்பிப் பார்க்கவில்லை. யாழினி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் செங்கல்பட்டுப் பதிவு அலுவலகத்தைப் பற்றிச் சொன்னேன். ஹால் டிக்கெட், பை, அண்ணன் பேசாத நான்கு வருடம், எல்லாம்.

"உன் பையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு புடவை. சர்ட்டிஃபிகேட். ஒரு டிபன் பாக்ஸ்."

"டிபன் பாக்ஸ் எதுக்கு?"

"ஹால் டிக்கெட் வாங்கப் போறவ மதியச் சாப்பாடு இல்லாம போனா சந்தேகம் வரும்."

அவள் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மதியம் குவைத்துக்குப் பேசினேன். பவானியின் அம்மா மெல்லிய குரலில், யாரோ அருகில் தூங்குவதுபோலப் பேசினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என் மகள் என்று நினைத்து உங்கள் மகளைப் பூட்ட வைத்துவிட்டேன் என்றேன். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

"அவ எழுதினத எனக்கு அனுப்பும்மா" என்றார். "அவ இன்னா எழுதறான்னு எனக்கு தெரியவே தெரியாது."

விரல் போனின் மேல் வரைக்கும் போய்விட்டது. படம் என்னிடம்தானே இருக்கிறது. ஒரு தட்டு போதும்.

"நான் அனுப்பக் கூடாது. வெள்ளிக்கிழமை அவளே படிப்பா. அவங்கப்பா விட்டா."

"அவரா..." என்றார். பிறகு, "சரி, வைம்மா. மணி அடிக்கிறாங்க" என்று வைத்துவிட்டார். நான் அந்தப் படத்தை அழித்தேன். அண்ணன் போனிலிருந்தும் அழித்தேன். ஏழுமலை போனில் இருப்பது அவருடையது.

7

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மாடியில் பாய் விரித்திருந்தது. மேடம் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, "நோட்டைப் படித்த முதல் வெளியாள் நீங்கள்தான்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

மூன்று பேர் படித்தார்கள். யாழினி நான்காவது. தடுமாறித் தடுமாறி, ஆனால் நிறுத்தாமல் படித்தாள். பாதியில் "பந்து" என்ற இடத்தில் என்னைப் பார்த்தாள். முடித்ததும் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு முப்பத்தைந்து. "ஐந்து வரை இருப்போம்" என்றார். கீழே சாலையில் மாமல்லபுரம் போகும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று போயின. ஒவ்வொன்று நிற்கும்போதும் யாழினி ஜன்னலுக்குப் போய்வந்தாள்.

நான்கு ஐம்பதுக்கு ஒரு வேன் வந்து நின்றது. படியில் இரண்டு பேரின் செருப்புச் சத்தம்.

முதலில் ஏழுமலை வந்தார், வேலைச் சட்டையோடு. கையில் போனை நேராகப் பிடித்திருந்தார், தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கொண்டுவருவதுபோல. பின்னால் ஒல்லியான, உயரமான பெண். தலையைக் குனியவில்லை.

"அவங்கம்மா லைன்ல கீறாங்க" என்றார் ஏழுமலை, மேடத்திடம். "அந்த வூட்ல எல்லாரும் தூங்கற நேரமாம். கேக்கணும்னாங்க. பேரு எதுவும் கேக்க மாட்டாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் கேக்கல" என்றார்.

மேடம் பாயைக் காட்டினார். ஏழுமலை போனைப் பாயின் நடுவில் வைத்துவிட்டு, சுவரோரமாகக் காலை மடித்து உட்கார்ந்தார். யாழினி நோட்டை நீட்டினாள். பவானி வாங்கி, தன் பக்கத்தைத் தேடி எடுத்து, விரலால் வரியைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"ஆன்ட்டி," என்றாள், "மொதல்ல உங்க போன பைக்குள்ள வெச்சிடுங்க."